நகரைக் காத்து நாட்டை இழந்த கதை

பார்மோஸா ஜலசந்தியில் போர்க் கப்பல்கள் உலாவுகின்றன என்றும், ஆகாய விமானங்கள் எல்லை தாண்டின என்றும் பத்திரிகைகளில் அடிக்கடி செய்திகள் வருகின்றன. தைவான் என்று இன்று வழங்கும் தீவில் ஒரு சர்க்காரும், எதிர்க்கரையில் சீனப் பெருநிலத்தை ஆளும் மற்றொரு சர்க்காரும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. இவ்விரண்டிற்கும் இடையே சமாதான உடன்படிக்கை இன்றுவரை கையெழுத்தாகவில்லை. 1946-ல் மூண்ட உள்நாட்டு யுத்தத்தின் பீரங்கிகள் ஓய்ந்தனவே ஒழிய, அந்த வழக்கு முடிவு பெறவில்லை. ஆகவே, அந்த யுத்தம் எவ்வாறு நடந்தது, ஆள்பலமும் ஆயுதபலமும் மிகுந்திருந்த தரப்பு எவ்வாறு மூன்று ஆண்டுகளுக்குள் நிலைகுலைந்தது என்று ஆராய்வது பழங்கதை பேசுவதாகாது. ராஜீய வேலையில் ஈடுபட்ட ஒவ்வொருவரும் இவ்விஷயத்தைக் கருத்தூன்றிப் படிக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

யுத்தத்தின் தொடக்கத்தில் இரு தரப்பின் பலாபலம் யாது? 1946-ம் ஆண்டு நடுவில் சியாங் காய் ஷேக்கின் தேசிய சர்க்காரிடம் சுமார் 43 லட்சம் துருப்புகள் இருந்தன என்பதும், மா சே துங்கின் தலைமையிலிருந்த கம்யூனிஸ்டுகளிடம் 12 லட்சத்துச் சொச்சம் பேரே இருந்தனர் என்பதும் பொதுவாக ஒப்புக்கொள்ளப்படும் கணக்கு. சர்க்கார் தரப்பில் விமானப் படையும், கடற்படையும், அமெரிக்கப் பயிற்சி பெற்ற டிவிஷன்களும் இருந்தன. பெரிய நகரங்களில் பெரும்பாலானவையும், ரெயில் பாதைகளில் பெரும்பகுதியும், துறைமுகங்களும், நாணயம் அச்சிடும் உரிமையும், அந்நிய நாடுகளின் அங்கீகாரமும் அதனிடமே இருந்தன. எதிர்த் தரப்பிடம் இருந்தவை வடசீனத்து மலைக் கிராமங்களும், ஜப்பானியரிடமிருந்து கைப்பற்றிய துப்பாக்கிகளும், மஞ்சூரியாவில் ருஷ்யத் துருப்புகள் விட்டுச் சென்ற ஜப்பானிய ஆயுதங்களுமே. 1946 டிசம்பரில் அமெரிக்கத் தூதர் ஜெனரல் மார்ஷலிடம், எட்டுப் பத்து மாதங்களில் கம்யூனிஸ்டுப் படைகளை ஒழித்துவிடலாம் என்று சியாங் உறுதி கூறினார். அவ்வளவு காலம் தாங்குமுன்னரே நாட்டின் பொருளாதாரம் சரிந்துவிடக்கூடும் என்று மார்ஷல் எச்சரித்தார். எவர் சொல் பலித்தது என்பது உலகம் அறிந்ததே.

சியாங்கை மதியற்றவர் என்று சொல்லிவிடுவது எளிது; ஆனால் அது நியாயமாகாது. எட்டாண்டுக் காலம் ஜப்பானை எதிர்த்து நின்றவர் அவர். 1942 பிப்ரவரியில் நம் நாட்டிற்கு வந்து, கல்கத்தாவில் மகாத்மா காந்தியைச் சந்தித்து, இந்தியருக்கு உண்மையான ராஜீய அதிகாரத்தை வழங்குமாறு பிரிட்டனுக்குப் பகிரங்கமாக வேண்டுகோள் விடுத்தவரும் அவரே. அந்த நன்றியை நாம் மறப்பதற்கில்லை. ஆயினும் நன்றி வேறு, ஆராய்ச்சி வேறு.

அவருடைய யுத்த முறை ஓர் அரசனுடைய முறை. நாட்டின் அதிபதி என்று உலகம் ஒப்புக்கொண்டவர், நகரங்களை எதிரியிடம் விட்டுவிட்டு மலையேற முடியுமா? 1945 ஆகஸ்டில் ஜப்பான் பணிந்தபோது அவருடைய சிறந்த சேனைகள் தென்மேற்கு மூலையில் இருந்தன. வடக்கே நகரங்களில் ஜப்பானியரும், அவற்றைச் சூழ்ந்த கிராமங்களில் கம்யூனிஸ்டுகளும் இருந்தனர். அமெரிக்கர் தம் விமானங்களிலும் கப்பல்களிலும் நாலைந்து லட்சம் சீனத் துருப்புகளை ஏற்றிச் சென்று வடக்கிலும் கிழக்கிலும் இறக்கினர். நகரங்கள் சர்க்கார் கைக்கு வந்தன. இனி அந்நகரங்களை இணைக்கும் ரெயில் பாதைகளைப் பிடிப்பது, பிறகு இடையிலுள்ள பிரதேசத்தைச் சிறிது சிறிதாகத் துப்புரவு செய்வது என்பதே அவர் வகுத்த திட்டம். தேசப் படத்தில் பார்த்தால் இத்திட்டத்தில் குற்றம் காண்பது அரிது.

குற்றம் இருந்தது கணக்கில். ஒரு நகரைப் பிடித்தால் அதைக் காக்க ஒரு படை வேண்டும். அதற்கு உணவும் ரவையும் வந்து சேரும் பாதையைக் காக்க வேறொரு படை வேண்டும். பாதையிலுள்ள ஒவ்வொரு பாலத்திற்கும் ஒரு காவல் வேண்டும். இவ்விதம் ஒவ்வொரு வெற்றியும் சியாங்கின் கையிலிருந்த துருப்புகளில் ஒரு பகுதியை ஆணியடித்தாற்போல் ஓரிடத்தில் நிறுத்திவிட்டது. அகல உழுவதை விட ஆழ உழு என்று நம் குடியானவன் சொல்லும் பழமொழி, இவ்விஷயத்தில் சேனாதிபதிகள் அறிந்திருக்க வேண்டிய ராணுவ சாஸ்திரம். நாற்பத்து மூன்று லட்சம் பேர் என்பது காகிதத்தில் இருந்த தொகை. களத்தில் வந்து போராடக் கூடியவர் அதில் ஒரு பங்கே.

மா சே துங்கின் முறை இதற்கு நேர்மாறானது. 1946 செப்டம்பரில் அவர் தம் தளகர்த்தர்களுக்கு விடுத்த கட்டளையின் சாரம் மிக எளிது. ஊரைப் பிடிப்பதோ காப்பதோ நோக்கமன்று. எதிரியின் படையை அழிப்பதே நோக்கம். எதிரியின் ஒரு பிரிவுக்கு எதிராக மூன்று, நான்கு, இயன்றால் ஆறு மடங்கு பலத்தை ஒன்றுகூட்டி, அந்த ஒன்றை முற்றிலும் வளைத்து முடித்துவிட வேண்டும். பத்து விரலைக் காயப்படுத்துவதைக் காட்டிலும் ஒரு விரலைத் தறித்துவிடுவது மேல் என்பது அவருடைய கொள்கை. நிலத்தை விட்டு ஆட்களைக் காத்தால் நிலம் திரும்ப வரும். ஆட்களை இழந்து நிலத்தைக் காத்தால் இரண்டும் போகும். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். அவருக்குச் சுவர் படை, சித்திரம் நகரம்.

இந்த ஞானமும் அடிபட்டுத்தான் வந்தது. 1946 மே மாதம் மஞ்சூரியாவில் ஸிபிங் என்னும் ரெயில் சந்திப்பு நகரை எப்படியும் காத்துவிடுவதென்று கம்யூனிஸ்டுத் தளகர்த்தர் லின் பியாவ் நின்று போராடினார். சர்க்காரின் தேர்ந்த படைகள் அவரை முறியடித்து, அடுத்த சில நாட்களில் சாங்சுன் நகரையும் பிடித்தன. நகரைக் காக்க நின்றால் தாங்களும் தோற்போம் என்று கம்யூனிஸ்டுகள் கற்றுக்கொண்டனர். ஒரே பாடசாலையில் ஒருவர் பாடம் படித்தார். மற்றவர் பரிசு வாங்கிக்கொண்டு, பாடத்தைப் படியாமல் சென்றார்.

முதலாண்டுச் செய்திகளைப் படித்தவர்களுக்கு யுத்தம் சியாங்கின் பக்கமே சாய்வதாகத் தோன்றியிருக்கும். 1946 அக்டோபரில் கால்கன் விழுந்தது. 1947 மார்ச் 19-ல் கம்யூனிஸ்டுகளின் ராஜதானியாகிய ஏனானே விழுந்தது. நான்கிங்கில் கொண்டாட்டம் நடந்தது. ஆனால் பிடித்தது என்ன? ஆளில்லாத குகை வீடுகளையும், தானியம் அகற்றப்பட்ட களஞ்சியங்களையுமே. மா முன்னாளே வெளியேறிவிட்டார். தாக்க வந்த ஹு ஸுங் நானின் அந்தரங்கக் காரியதரிசியாக இருந்தவரே கம்யூனிஸ்டு ஒற்றர் என்பது பின்னர் வெளிவந்த உண்மை. இரண்டு லட்சத்திற்கு மேற்பட்ட சேனையை, முப்பதாயிரத்திற்கும் குறைந்த ஆட்களுடன் பெங் டே ஹுவாய் அந்த வறண்ட மலைகளில் இழுத்தடித்தார். ஏனான் விழுந்து ஏழு வாரங்களுக்குள் மூன்று முறை பதுங்கிப் பாய்ந்து மூன்று பிரிகேடுகளைத் தனித்தனியே பிடித்தார். ஏனானைச் சர்க்கார் ஓராண்டு வைத்திருந்தது. 1948 ஏப்ரலில் விட்டுச் சென்றது. அந்த ஓராண்டில் மற்றப் போர்முனைகளில் தேவைப்பட்ட ஒரு பெருஞ்சேனை, ஒரு பெயருக்காகப் பாலைநிலத்தில் கட்டுண்டு கிடந்தது.

1947 கோடையில் யுத்தத்தின் போக்கு மாறிற்று. லியூ போ செங்கும் டெங் சியாவ் பிங்கும் ஜூன் முடிவில் மஞ்சள் நதியைக் கடந்தனர். ஆகஸ்டில், பின்புறத் தொடர்பையே அறுத்துக்கொண்டு, வழியில் சேற்று நிலத்தில் கனத்த பீரங்கிகளைக் கைவிட்டு, தெற்கே யாங்ஸிக்கு அருகிலுள்ள தாபியே மலைப் பிரதேசத்தில் புகுந்தனர். அவர்கள் அடைந்த நஷ்டம் பெரிது. ஆனால் அதுவரை கம்யூனிஸ்டுப் பிரதேசங்களில் நடந்த யுத்தம் அன்றுமுதல் சர்க்காரின் முற்றத்தில் நடக்கத் தொடங்கியது. முதலாண்டில் மட்டும் எதிரிகள் சுமார் 11 லட்சம் பேரைக் களத்திலிருந்து நீக்கிவிட்டதாகக் கம்யூனிஸ்டுகள் கணக்குக் கூறினர். வெற்றி பெற்றோர் கூறும் கணக்கைச் சற்றுக் குறைத்தே கொள்ள வேண்டும். எனினும், கைதியான சிப்பாய்களுக்கு உணவிட்டு, உபதேசம் செய்து, தம் அணியிலேயே சேர்த்துக்கொண்ட படியால், ஒரு தரப்பின் நஷ்டம் மறு தரப்பின் லாபமாயிற்று என்பதில் ஐயமில்லை.

1948-ம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் இரண்டு முறைகளும் மஞ்சூரியாவில் இறுதியாக மோதின. சர்க்கார் சேனை அங்கே சாங்சுன், முக்டன், சிங்சௌ என்னும் மூன்று நகரங்களில் அடைபட்டுக் கிடந்தது. சுற்றிலும் கிராமங்கள் எதிரியின் வசம். ஆகாய மார்க்கமாக வந்த அரிசியைக் கொண்டு எத்தனை நாள் ஒரு சேனையை ஊட்ட முடியும்? மஞ்சூரியாவை விட்டு விலகி வடசீனத்தைப் பலப்படுத்துங்கள் என்று அமெரிக்க ஆலோசகர் ஜெனரல் டேவிட் பார் அவ்வாண்டின் தொடக்கத்திலேயே சொன்னார். சியாங் இசையவில்லை. பின்னர் அவரே முக்டன் படையைத் தெற்கே நகர்த்த விரும்பியபோது, அங்கிருந்த தளகர்த்தர் வெய் லி ஹுவாங் கோட்டையை விட்டு வெளியே வர மறுத்தார். நகரைக் காப்பதே யுத்தம் என்று மூன்றாண்டு பழக்கப்படுத்திய சேனாதிபதிக்கு, நகரை விடு என்றால் எப்படி விளங்கும்?

மா சே துங்கின் கண் சிங்சௌமீது இருந்தது. மஞ்சூரியாவையும் வடசீனத்தையும் இணைக்கும் வாசல் அதுவே. லின் பியாவ் தயங்கினார், மா வற்புறுத்தினார். அக்டோபர் 15-ல் சிங்சௌ விழுந்தது, வாசல் அடைபட்டது. சில நாட்களில் சாங்சுன் சரணடைந்தது. முக்டனிலிருந்து மேற்கே புறப்பட்ட பெருஞ்சேனை வழியிலேயே வளைக்கப்பட்டு அழிந்தது. நவம்பர் 2-ல் முக்டனும் போயிற்று. ஏழு வாரங்களில் சர்க்கார் இழந்த துருப்புகள் சுமார் 4 லட்சத்து 70 ஆயிரம்.

அடுத்த களம் ஸூச்சௌ. வடக்கு தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் செல்லும் இரண்டு பெரிய ரெயில் பாதைகள் கூடும் இடம் அது, நான்கிங்கிற்கு வடவாசல். 1948 நவம்பர் 6 முதல் 1949 ஜனவரி 10 வரை அங்கே நடந்த ஹுவாய் ஹாய் யுத்தத்தில் மூன்று சேனைகள் ஒன்றன்பின் ஒன்றாக வளைக்கப்பட்டன. ஒன்றை மீட்க வந்த மற்றொன்றும் அதே வலையில் சிக்கியது. போர்த் திட்டங்களை வகுக்கும் இலாகாவின் தலைமையில் இருந்த குவோ ரு குவேயே மறுதரப்புக்குச் செய்தி அனுப்பிவந்தார். சியாங்கோ தளகர்த்தர்களின் தலைக்கு மேலாகத் தாமே தந்தி மூலம் கட்டளைகள் பிறப்பித்துக்கொண்டிருந்தார். களத்தைக் காணாத கட்டளை களம் சேருமுன் பழையதாகிவிடும். ஐந்தரை லட்சம் பேர் கொண்ட படைபலம் அங்கே மறைந்தது. ஜனவரி 15-ல் டீன்ட்ஸின் விழுந்தது. பீகிங்கில் இருந்த பூ ஸோ யீ நகரை அழிவுக்கு உட்படுத்தாமல் உடன்பாடு செய்துகொண்டார்; ஜனவரி 31-ல் கம்யூனிஸ்டுத் துருப்புகள் அப்புராதன நகரில் பிரவேசித்தன. மூன்று யுத்தங்களிலும் சேர்த்து நான்கு மாதம் இருபது நாட்களுக்குள் பதினைந்து லட்சம் பேருக்கு மேல் சர்க்கார் தரப்பிலிருந்து நீங்கினர். ஏப்ரல் 23-ல் நான்கிங் விழுந்தது. அக்டோபர் 1-ல் பீகிங்கில் புதிய குடியரசு பிரகடனமாயிற்று. டிசம்பரில் சியாங்கின் சர்க்கார் தைவானில் குடியேறிற்று.

இவை யாவும் யுத்த தந்திரத்தின் திறமையால் மட்டும் நேர்ந்தனவா? இல்லை. ஹுவாய் ஹாய் களத்தில் கம்யூனிஸ்டுச் சிப்பாய்கள் சுமார் 6 லட்சம் பேர். அவர்களுக்குப் பின்னே தானியமும் ரவையும் சுமந்தும், காயமுற்றோரைத் தூக்கியும் வேலை செய்த கிராமவாசிகளின் தொகை 54 லட்சம் என்று சொல்லப்படுகிறது. ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டிகளைத் தள்ளிக்கொண்டு பனியில் நடந்த குடியானவர்களே இந்த வெற்றியைத் தள்ளிக் கொணர்ந்தனர் என்று தளகர்த்தர் சென் யீ பின்னாளில் சொன்னார். ஊர் ஊராக நகர்ந்து செல்லும் படைக்கு உணவு தருபவன் யார்? எதிரி வரும் வழியைச் சொல்பவன் யார்? குடியானவனே. அவன் ஒத்துழையாவிடில் மாவின் முறை ஒரு வாரமும் நடந்திராது.

குடியானவன் ஏன் ஒத்துழைத்தான்? 1946 மே மாதம் முதல் கம்யூனிஸ்டுகள் தம் பிரதேசங்களில் நிலச்சுவான்தார்களின் நிலத்தைப் பங்கிடத் தொடங்கினர். 1947 அக்டோபரில் அதைச் சட்டமாகவே வகுத்தனர். நிலம் பெற்றவன், சியாங்கின் படை திரும்பினால் பழைய மிராசுதாரும் கூடவே திரும்புவான் என்று அறிந்திருந்தான். எனவே மகனைப் படைக்கு அனுப்பினான். சர்க்கார் தரப்பிலோ, கிராமத்து வாலிபர்களைக் கயிற்றால் பிணைத்துப் பட்டாளத்தில் சேர்த்த கொடுமை நீங்கவில்லை. அவ்விதம் பிடித்துவரப்பட்டவன் சரணடையும் முதல் சந்தர்ப்பத்தை எதிர்பார்ப்பதில் வியப்பென்ன?

கிராமத்தை இழந்த சர்க்கார் தான் காத்த நகரத்தையாவது மகிழ்வித்ததா? அதுவும் இல்லை. யுத்தச் செலவுக்கு நோட்டு அச்சிட்டு அச்சிட்டு நாணயத்தின் மதிப்பைக் கெடுத்தது. 1948 ஆகஸ்டில் தங்க யுவான் என்ற புதிய நாணயத்தை வெளியிட்டு, பழைய நாணயம் 30 லட்சத்துக்கு ஒரு தங்க யுவான் என்று விகிதம் வகுத்தது. தங்கம், வெள்ளி, அந்நிய நாணயம் யாவற்றையும் ஜனங்கள் சர்க்காரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. சட்டத்திற்குப் பயந்து ஒப்படைத்த உபாத்தியாயரும் குமாஸ்தாவும் சிறு வியாபாரியும் சில மாதங்களில் கையில் வெறுங்காகிதத்துடன் நின்றனர். எந்த நகரத்திற்காக லட்சக்கணக்கான சிப்பாய்களைச் சர்க்கார் பலிகொடுத்ததோ, அந்த நகரமே அதைக் கைவிட்டது.

அமெரிக்கா போதிய உதவி செய்யாததே தோல்விக்குக் காரணம் என்பார் உளர். 1945-க்குப் பின் அமெரிக்கா அளித்த உதவி சுமார் 200 கோடி டாலர் என்று அந்நாட்டுச் சர்க்காரே 1949-ல் கணக்கு வெளியிட்டது. தாம் சீனம் வந்த பிறகு ஆயுதமோ ரவையோ இல்லாமையால் எந்தக் களமும் தோற்கவில்லை என்று ஜெனரல் பார் தம் சர்க்காருக்கு எழுதினார். மஞ்சூரியாவில் ருஷ்யரால் கிடைத்த ஜப்பானிய ஆயுதம் கம்யூனிஸ்டுகளுக்குப் பெருந்துணை ஆயிற்று என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்நிய ஆயுதம் இரு தரப்பிலும் இருந்தது. அதைத் தாங்கிப் பிடிக்கும் கையே ஒரு தரப்பில் தளர்ந்திருந்தது.

இவ்வளவும் கூறியபின், வென்றவரின் முறையைப் பின்பற்றத்தக்க தர்மமென்று போற்றிவிடலாமா? கூடாது. சாங்சுன் முற்றுகையை நினைத்தால் நெஞ்சு நடுங்கும். 1948 கோடை முதல் அக்டோபர் வரை ஐந்து மாதம் அந்நகருக்குள் ஒரு மணி தானியமும் புகாதபடி கம்யூனிஸ்டுப் படை தடுத்தது. பசித்த வாய்களைக் குறைக்க நகரப் படை பொதுஜனங்களை வெளியே துரத்தியது. முற்றுகையிட்ட படை அவர்களில் பெரும்பாலோரை வெளியே விடவில்லை. இரண்டு வேலிகளுக்கும் நடுவே வெட்டவெளியில் கிழவரும் குழந்தைகளும் புல்லைத் தின்று மாண்டனர். இறந்தோர் தொகை ஒரு லட்சத்திற்கு மேல் என்று மதிப்பிடப்படுகிறது. அத்தகைய நகரைப் பீரங்கி வெடிக்காமல் பெற்ற வெற்றி என்று புகழ்ந்தவரும் உண்டு. நிலப் பங்கீட்டிலும் அவ்வாறே. பொதுக் கூட்டத்தில் நிறுத்தி அடித்துக் கொல்லப்பட்டவர்களில் கொடிய மிராசுதார் மட்டுமல்லர், சொற்ப நிலம் வைத்துத் தாமே உழுத குடியானவரும் இருந்தனர். இதை வரம்பு மீறிய செயலென்று 1948 தொடக்கத்தில் அக்கட்சியின் தலைவர்களே ஒப்புக்கொண்டனர். ஒப்புக்கொண்டதனால் போன உயிர் திரும்புமா?

எதிரியின் படையை அழிப்பதே நோக்கம் என்ற கொள்கை, களத்தில் கூர்மையான கருவி. ஆனால் அக்கருவிக்கு, எதிரியின் சேனை புகுந்த நகரில் வாழும் தாயும் சேயும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஊரைக் காப்பதே நோக்கம் என்றவருக்கும் அவர்கள் தெரியவில்லை. அவர் கண்ட ஊர் மதிலும் ரெயில் நிலையமும் கொடிக்கம்பமுமே. ஒருவர் இடத்தை எண்ணினார், மற்றவர் படையை எண்ணினார். சாங்சுன் வெட்டவெளியில் கிடந்தவர்களை இருவருமே எண்ணவில்லை.

யுத்தம் மூளுமுன் எண்ணியிருக்கலாம். 1945 அக்டோபர் 10-ல் சுங்கிங்கில் இரு கட்சியினரும் உடன்பாட்டில் கையெழுத்திட்டனர்; 1946 ஜனவரியில் மார்ஷலின் முயற்சியால் போர்நிறுத்தமும் ஏற்பட்டது. எட்டாண்டு அந்நிய யுத்தத்தால் நைந்துபோன சீன ஜனங்கள் சமாதானத்தையே வேண்டினர். ஆனால் தம் யுத்த முறையால் வென்றுவிடலாம் என்று இரு தரப்பாரும் உள்ளூர நம்பினர். அந்த நம்பிக்கையே உடன்பாட்டைக் கொன்றது. ஒருவருடைய கணக்கு பொய்த்தது. மற்றவருடைய கணக்கு பலித்தது. செலவு மட்டும் இருவருக்கும் பொதுவாக ஜனங்களின் பெயரில் எழுதப்பட்டது.

வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று வள்ளுவர் அடுத்தடுத்து மூன்று அதிகாரங்களை வகுத்தார். இடத்தைப் பிடிப்பது வேறு, இடனறிதல் வேறு என்பதை அறியாதவர் சியாங். இன்றும் எத்தனையோ நாடுகளில் உள்நாட்டுக் கலகம் மூளும்போது, தலைநகரும் வானொலி நிலையமும் விமானத் தளமும் நம் கையில் இருக்கின்றன, ஆகையால் நாடு நம் கையில் இருக்கிறது என்று சர்க்கார்கள் நம்புகின்றன. அவர்கள் சீனத்துச் சரித்திரத்தைப் படிக்கட்டும். அவ்வாறே, ஜனங்கள் நம் பக்கம் இருக்கிறார்கள், ஆகையால் நாம் எதைச் செய்தாலும் நியாயமே என்று கருதும் புரட்சிக்காரர்கள் சாங்சுன் வெட்டவெளியை நினைக்கட்டும்.

ராஜீய வேலையில் நிற்கும் நம் வாசகர்களுக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றே. கட்டிடங்களையும் பதவிகளையும் பிடிப்பதால் ஒரு கட்சி வலுப்பெறுவதில்லை. அவற்றைக் காப்பதிலேயே தன் ஆட்களைச் செலவிட்டு மெலிகிறது. கிராமத்தில் வேரூன்றியவனே நிலைப்பான். ஆனால் அவ்வேருக்கு நீராக மனித உயிரைப் பாய்ச்சுகிறவன் வென்ற பிறகும் நிம்மதியாக ஆள முடியாது. சீனத்தின் இரு கரைகளிலும் எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் பீரங்கிகள் ஒன்றையொன்று நோக்கி நிற்பதே இதற்குச் சாட்சி.